விஎல்சியில் சீராக ஓடும் கோப்ரோ வீடியோ, எடிட்டரில் மட்டும் திணறுகிறது. என்ன செய்யலாம்?

கொண்டைஊசி:

வணக்கம் நண்பர்களே. அண்மையில் கொல்லிமலை போய்வந்தோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஹெல்மெட்டில் கேமரா மாட்டி முழுதாக எடுத்திருக்கிறேன். கேமரா கோப்ரோ ஹீரோ 8 பிளாக், 4கே, நொடிக்கு 60 ஃபிரேம். ஃபோனில் போட்டுப் பார்த்தால் அருமையாக இருக்கிறது. லேப்டாப்பில் விஎல்சியில் திறந்தாலும் ஒரு தடங்கலும் இல்லை. அதே ஃபைலை டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் போட்டு ஸ்பேஸ் பார் தட்டினால்தான் பிரச்சினை. ஒரு நொடி ஓடுகிறது, அப்புறம் நிற்கிறது, நாலைந்து ஃபிரேம் தாண்டிக் குதிக்கிறது, சத்தம் மட்டும் தன்பாட்டுக்கு முன்னால் போய்விடுகிறது. வண்டி சாய்ந்து வளைவுக்குள் நுழையும் அந்த இடத்தில் இசைக்குப் பொருத்தமாக வெட்ட வேண்டும், ஆனால் அந்த இடம் எது என்றே கண்ணுக்குத் தெரியாதபோது எப்படி வெட்டுவது?

லேப்டாப் ஐ5-8250யு, 8 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, 1 டிபி சாதா ஹார்டு டிஸ்க். விண்டோஸ், ரிசால்வ் இலவசப் பதிப்பு. கடையில் கேட்டால் எஸ்எஸ்டி போடுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். கூட வேலை பார்க்கும் நண்பர் வேறு லேப்டாப்பே வாங்கு என்கிறார். பிளேபேக் தரத்தைப் பாதியாக, கால்வாசியாகக் குறைத்தும் பார்த்தேன், பெரிய வித்தியாசம் இல்லை, அது ஏன் என்பதும் புரியவில்லை. காசு போடுவதற்கு முன் உண்மையில் எங்கே அடைக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

தறி:

தம்பி, முதலில் எதையும் வாங்காதீர்கள். எஸ்எஸ்டி நல்ல பொருள்தான், விண்டோஸ் வேகமாகத் திறக்கும், மென்பொருள் வேகமாகத் திறக்கும், ஆனால் நீங்கள் சொல்லும் திணறலுக்கு அது மருந்து இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹீரோ 8 அதிகபட்சம் நொடிக்கு 100 மெகாபிட் எழுதுகிறது, அதாவது 12.5 மெகாபைட். உங்கள் பழைய ஹார்டு டிஸ்க்கே தொடர்ந்து படிக்கும்போது அதைப்போல் பல மடங்கு தரும். டிஸ்க் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறது.

அடைப்பு இருப்பது பிரித்தெடுக்கும் இடத்தில். ஒரு 4கே ஃபிரேம் என்பது 3840க்கு 2160, அதாவது கிட்டத்தட்ட 83 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 4 பைட் என்று வைத்தால் ஒரு ஃபிரேமுக்கு 33 மெகாபைட். நொடிக்கு 60 என்றால் ஏறக்குறைய 2 ஜிகாபைட். டிஸ்க்கிலிருந்து 12.5 மெகாபைட்டாக வருவது கணினிக்குள் 2 ஜிகாபைட்டாக விரிகிறது, அதுவும் ஒவ்வொரு நொடியும். இந்த விரிப்பு வேலைதான் டீகோட். 4கே 60 எடுக்கும்போது உங்கள் கேமரா எச்.265 முறையில், அதாவது எச்இவிசியில் சுருக்குகிறது. பழைய எச்.264-ஐ விட அது நன்றாகச் சுருக்கும், ஆனால் பிரிக்கும்போது வேலையும் அதிகம்.

இன்னொன்று இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. இந்த ஃபைல்களில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுப்படமாக இருப்பதில்லை. மளிகைக் கடைப் பற்று நோட்டைப் போல: இடையிடையே ஒரு வரியில் மொத்த பாக்கி எழுதியிருக்கும், அதற்குப் பிறகு அன்றன்று வாங்கியது கொடுத்தது மட்டும்தான். நடுவில் ஒரு தேதியில் பாக்கி எவ்வளவு என்று கேட்டால் முந்தைய மொத்தத்திலிருந்து கூட்டிக்கொண்டு வரவேண்டும். வீடியோவிலும் நீங்கள் டைம்லைனில் நடுவில் ஓரிடத்தைத் தொட்டால், அதற்கு முந்தைய முழுப்படத்தைத் தேடிப்போய் அங்கிருந்து மாற்றங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு வந்துதான் அந்த ஒரு ஃபிரேமைக் காட்ட முடியும். பின்னோக்கி ஓட்டினால் இன்னும் மோசம்.

விஎல்சி ஏன் ஓட்டுகிறது என்றால், அது முன்னோக்கி ஒரே நேர்க்கோட்டில்தான் போகிறது, கூடவே உங்கள் பிராசசரில் இருக்கும் வீடியோ டீகோடரையும் பயன்படுத்திக்கொள்கிறது. இன்டெல்லில் 7ஆம் தலைமுறையிலிருந்தே எச்.265, 10 பிட் உட்பட, வன்பொருளிலேயே பிரிக்கும் வசதி உண்டு, உங்களுடையது 8ஆம் தலைமுறை. ஆனால் ரிசால்வ் விண்டோஸ் இலவசப் பதிப்பில் எச்.264, எச்.265 இரண்டுக்கும் அந்த வன்பொருள் உதவி கிடைக்காது, அது காசு கொடுத்து வாங்கும் ஸ்டூடியோ பதிப்பில்தான். ஆகவே மொத்தச் சுமையும் சிபியு தலையில். இதை நீங்களே சரிபார்க்கலாம்: டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியு என்பதைத் தொட்டால் வீடியோ டீகோட் என்று ஒரு வரைபடம் இருக்கும். விஎல்சியில் ஓட்டும்போது அது மேலே ஏறும். ரிசால்வில் ஓட்டும்போது அது தரையிலேயே கிடந்து சிபியு மட்டும் 100-ஐத் தொட்டால் நான் சொன்னதுதான் காரணம்.

பிளேபேக் தரத்தைக் குறைத்தும் பலன் இல்லாததற்குக் காரணமும் இதுதான். பாதி அளவில் காட்டச் சொன்னாலும் முதலில் முழு 4கே ஃபிரேமையும் பிரித்தாக வேண்டும், அப்புறம்தான் சின்னதாக்க முடியும். அந்த அமைப்பு கலர், எஃபெக்ட் போன்ற வேலைகளின் சுமையைக் குறைக்கும், டீகோட் சுமையைத் தொடாது.

தீர்வு ப்ராக்ஸி, அதாவது வெட்டும்போது மட்டும் அசலுக்குப் பதிலாகப் பயன்படுத்த, எளிதாகப் பிரிக்கக்கூடிய சின்ன அளவுப் பிரதி. வேறு குறுக்குவழி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சிவப்புப்பொத்தான்:

மேலே அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. நான் எப்படிச் செய்வது என்பதை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் ப்ராக்ஸி என்ற சொல்லைக் கேட்டதுமே பயந்து விலகிப்போகிறவர்களை நிறைய பார்த்திருக்கிறேன், உண்மையில் நாலு கிளிக் வேலை.

ரிசால்வ் 18 அல்லது அதற்குப் பிந்தையது என்றால், முதலில் புராஜெக்ட் செட்டிங்கில் மாஸ்டர் செட்டிங் போய் கீழே ஆப்டிமைஸ்டு மீடியா பகுதியைப் பாருங்கள். அங்கே ப்ராக்ஸி அளவைப் பாதி என்று வையுங்கள், 4கே என்பது 1080 ஆகிவிடும். உங்கள் லேப்டாப்புக்குக் கால்வாசி வைத்தாலும் தவறில்லை, வெட்டுவதற்கு அது போதும். ஃபார்மட்டில் டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி தேர்ந்தெடுங்கள். இதில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனி முழுப்படம், எங்கே தொட்டாலும் உடனே வரும், அதுதான் நமக்கு வேண்டியது. அங்கே எச்.264 என்றும் ஒரு தேர்வு இருக்கும், இடம் மிச்சமாகும், ஆனால் நாம் தப்பி ஓட நினைக்கும் அதே பிரச்சினை சின்ன அளவில் திரும்ப வரும். அப்புறம் மீடியா பூலில் கிளிப்புகளை எல்லாம் தேர்ந்தெடுத்து வலது கிளிக், ஜெனரேட் ப்ராக்ஸி மீடியா. உங்கள் மெஷினில் நேரம் எடுக்கும், சாப்பிடப் போகும்போதோ தூங்கப் போகும்போதோ போட்டுவிட்டுப் போங்கள். சார்ஜர் செருகியே இருக்கட்டும், பேட்டரியில் ஓடும்போது பெரும்பாலான லேப்டாப்புகள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முடிந்ததும் பிளேபேக் மெனுவில் ப்ராக்ஸி ஹேண்ட்லிங் போய் பிரிஃபர் ப்ராக்ஸிஸ் என்று வைத்துவிடுங்கள்.

டிஸ்க் இடத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ப்ராக்ஸி என்றால் குட்டி ஃபைல் என்று நினைக்காதீர்கள். இப்படி முழு ஃபிரேம்களாக வைக்கும் கோடெக்குகள் (சுருக்கும் முறைகள்) எல்லாம் இடம் பிடிப்பவை. உதாரணத்துக்கு ஆப்பிளின் புரோரெஸ் ப்ராக்ஸியை எடுத்துக்கொண்டால் 1080 அளவில் 30 ஃபிரேமுக்கு நொடிக்கு 45 மெகாபிட், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 20 ஜிபி. 60 ஃபிரேம் என்றால் அது இரட்டிப்பு, கேமரா ஃபைலே ஏறக்குறைய அவ்வளவுதான். டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பியும் அதே ரகம். அதனால்தான் கால்வாசி அளவை யோசிக்கச் சொன்னேன்.

பிரீமியர் வைத்திருப்பவர்களுக்கும் இதே வழிதான். புராஜெக்ட் பேனலில் கிளிப் மீது வலது கிளிக் செய்து ப்ராக்ஸி, கிரியேட் ப்ராக்ஸிஸ். பிறகு புரோகிராம் மானிட்டரின் கீழே டாகிள் ப்ராக்ஸிஸ் பொத்தானைச் சேர்த்துக்கொண்டால் ஒரே தட்டில் அசலுக்கும் ப்ராக்ஸிக்கும் மாறிக்கொள்ளலாம். அதற்கு முன் பிரிஃபரன்ஸில் மீடியா பகுதியில் வன்பொருள் டீகோடிங் டிக் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், சில சமயம் அதை மட்டும் டிக் செய்தாலே ப்ராக்ஸிக்குத் தேவை இருக்காது.

லினக்ஸ்வாசி:

ஒரு மாற்று யோசனை. 8 ஜிபி ரேமில், அதிலும் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில், ரிசால்வ் கனமான மென்பொருள். அதைத் தயாரிப்பவர்களே 16 ஜிபி பரிந்துரைக்கிறார்கள். உள்ளே இருக்கும் கிராபிக்ஸும் அந்த 8 ஜிபியிலிருந்துதான் தனக்குப் பங்கு எடுத்துக்கொள்கிறது. வெட்டி ஒட்டி, இசை சேர்த்து, கொஞ்சம் கலர் பார்க்கும் அளவுக்கு கேடென்லைவ் அல்லது ஷாட்கட் போதும், இரண்டும் இலவசம், இரண்டிலும் ப்ராக்ஸி உள்ளேயே இருக்கிறது. ஷாட்கட்டில் செட்டிங்ஸ் மெனுவில் யூஸ் ப்ராக்ஸி என்று ஒரு டிக், அவ்வளவுதான்.

கேடென்லைவில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. கோப்ரோ மெமரி கார்டைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு வீடியோவுக்கும் பக்கத்தில் எல்ஆர்வி என்று முடியும் இன்னொரு ஃபைல் இருக்கும். பலர் அதைக் குப்பை என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். அது அதே காட்சியின் சிறிய பிரதி, ஃபோன் ஆப்பில் முன்னோட்டம் காட்டுவதற்காகக் கேமராவே எழுதி வைப்பது. கேடென்லைவில் எக்ஸ்டர்னல் ப்ராக்ஸி என்ற வசதியை இயக்கி கோப்ரோவைத் தேர்ந்தெடுத்தால் அந்த எல்ஆர்வி ஃபைல்களையே ப்ராக்ஸியாக எடுத்துக்கொள்ளும், காத்திருக்கவே வேண்டாம். வேறு எடிட்டரில் இதைச் செய்ய நினைத்தால், அசலின் ஃபிரேம் ரேட்டும் எல்ஆர்வியின் ஃபிரேம் ரேட்டும் ஒன்றுதானா என்று, ஃபைலின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒத்துவரவில்லை என்றால் வெட்டு இடங்கள் நகர்ந்துவிடும் அல்லது எடிட்டர் இணைக்கவே மறுக்கும். இன்ஸ்டா360 ஒன்ஆர் போன்ற வேறு கேமராக்களிலும் இப்படிச் சிறிய பிரதிகள் உண்டு, கார்டை ஃபார்மட் செய்யும் முன் எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்து வையுங்கள்.

லினக்ஸில் ரிசால்வ் போட்டுப் பார்க்கலாம் என்று யாராவது நினைத்தால்: அங்கே இலவசப் பதிப்பு எச்.264, எச்.265 ஃபைல்களைத் திறக்கவே திறக்காது. முதலில் ஷட்டர் என்கோடர் மாதிரி ஃபார்மட் மாற்றும் மென்பொருள் ஒன்றில் மாற்றிக்கொண்டு வரவேண்டும்.

கொண்டைஊசி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. டாஸ்க் மேனேஜரில் பார்த்தேன், தறி அண்ணா சொன்னபடியே விஎல்சியில் வீடியோ டீகோட் கோடு ஏறுகிறது, ரிசால்வில் அசையவே இல்லை, சிபியு மட்டும் முட்டிக்கொண்டு நிற்கிறது. இரவில் கால்வாசி அளவில் ப்ராக்ஸி போட்டுவிட்டுத் தூங்கினேன். காலையில் திறந்தால் சும்மா வழுக்கிக்கொண்டு போகிறது, பின்னோக்கி இழுத்தாலும் கூடவே வருகிறது. இவ்வளவு நாள் இது தெரியாமல் எத்தனை பேர் புது லேப்டாப் வாங்கியிருப்பார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் சில இடங்களில் மட்டும் இன்னும் திணறல் இருக்கிறது. உச்சிக்குப் பக்கத்தில் உள்ள வளைவுகளைப் பாதி வேகத்தில் காட்டியிருக்கிறேன், ஆப்டிகல் ஃபுளோ போட்டிருக்கிறேன், ஹெல்மெட் ஆட்டத்துக்கு ஸ்டெபிலைசேஷனும் உண்டு. அந்தக் கிளிப்புகள் வந்ததும் பழையபடி நின்று நின்று ஓடுகிறது. டைம்லைன் 30 ஃபிரேம்.

தறி:

அது வேறு கதை, நல்ல வேளை பிரித்துச் சொன்னீர்கள். இப்போது டீகோட் பிரச்சினை தீர்ந்துவிட்டது, மிச்சம் இருப்பது எஃபெக்ட் கணக்கு. அதில் பாதியை நீங்கள் தூக்கி எறிந்துவிடலாம். நீங்கள் எடுத்தது 60 ஃபிரேம், டைம்லைன் 30. பாதி வேகத்தில் ஓட்டினால் ஒவ்வொரு டைம்லைன் ஃபிரேமுக்கும் கேமராவில் ஓர் உண்மையான ஃபிரேம் ஏற்கெனவே இருக்கிறது. ஆப்டிகல் ஃபுளோ என்பது இல்லாத ஃபிரேமைக் கணித்து உண்டாக்கும் வேலை. இங்கே உண்டாக்க எதுவுமே இல்லை. ரீடைம் புராசஸை நியரஸ்ட் என்று மாற்றிவிடுங்கள், சுமை போய்விடும், படமும் கெடாது. 50 சதவீதத்துக்கும் கீழே மெதுவாக்கும் இடங்களில் மட்டும் ஆப்டிகல் ஃபுளோவை வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சத்துக்கு பிளேபேக் மெனுவில் ரெண்டர் கேஷ் (எஃபெக்ட் போட்ட பகுதியை முன்கூட்டியே கணக்கிட்டுச் சேமித்துவைக்கும் வசதி) என்பதை ஸ்மார்ட் என்று வையுங்கள். டைம்லைன் மேலே சிவப்புக் கோடு வரும், கையை எடுத்துவிட்டுச் சில நொடி சும்மா விட்டால் அது நீலமாக மாறும். நீலமான பகுதி சீராக ஓடும். அந்த கிளிப்பில் எதையாவது மாற்றினால் மறுபடி சிவப்பாகிவிடும், ஆகவே வெட்டும் வேலை எல்லாம் முடிந்த பிறகு எஃபெக்ட் பக்கம் போவதுதான் நல்லது. இதை ஒழுங்காகக் கடைப்பிடித்தாலே எளிய லேப்டாப்பில் நிறைய செய்யலாம். டைம்லைனையும் 1080இல் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் 4கே ஆக்கிக்கொள்ளலாம், ஆனால் ஃபிரேம் ரேட்டை மட்டும் ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும், கிளிப் போட்டபின் ரிசால்வ் மாற்ற விடாது.

அடுத்த முறை படம் எடுக்கும்போது ஒரு வேண்டுகோள். மெதுவாக்கப் போகும் இடங்களுக்கு மட்டும் 60 வையுங்கள். மற்ற நேரம் 30 போதும், பிரிக்க வேண்டிய ஃபிரேம் பாதியாகிவிடும். ஹீரோ 8 பிரிஃபரன்ஸில் வீடியோ கம்பிரஷனை எச்.264 பிளஸ் எச்இவிசி என்று வைத்தால் 4கே 30 போன்றவற்றை எச்.264இல் எழுதும், பழைய கணினிக்கு அது இன்னும் இதம்.

புதுமுகம்22:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் டெஸ்க்டாப், ஐ5-12400எஃப், ஜிடிஎக்ஸ் 1650, 16 ஜிபி. பிரீமியரில் இதே திணறல். பிராசசரில் குவிக் சிங்க் (இன்டெல்லின் வன்பொருள் வீடியோ டீகோட் வசதி) இருந்தால் நல்லது என்று எங்கோ படித்தேன், எனக்கு அந்தத் தேர்வே காட்டவில்லை. இதில் ஃபோனில் எடுத்த கிளிப்புகளும் கலந்திருக்கின்றன.

சிவப்புப்பொத்தான்:

இன்டெல்லில் எஃப் என்று முடியும் பிராசசர்களில் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, குவிக் சிங்க்கும் அதோடு போய்விடும். ஆனால் கவலை வேண்டாம், உங்கள் 1650 எச்.264-ஐயும் எச்.265-ஐயும் தானே பிரிக்கும். மீடியா பிரிஃபரன்ஸில் என்விடியா டிக் ஆகியிருக்கிறதா, புராஜெக்ட் செட்டிங்கில் ரெண்டரர் ஜிபியுவில் இருக்கிறதா, டிரைவர் புதியதா, இந்த மூன்றையும் பாருங்கள்.

ஃபோன் கிளிப்புகள் தனி விஷயம். ஃபோன்கள் பெரும்பாலும் மாறும் ஃபிரேம் ரேட்டில் எழுதும், ஆக்‌ஷன் கேமராக்கள் பொதுவாக நிலையான ரேட்டில். மாறும் ரேட் கிளிப்பில் சத்தமும் படமும் விலகுவதைப் பார்ப்பீர்கள். மீடியாஇன்ஃபோவில் ஃபிரேம் ரேட் மோடு வேரியபிள் என்று இருந்தால் அந்தக் கிளிப்புகளை மட்டும் ஷட்டர் என்கோடரில் நிலையான ரேட்டுக்கு மாற்றிவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள்.

கொண்டைஊசி:

நியரஸ்ட் வைத்ததும் அந்த வளைவுகளும் ஓடுகின்றன அண்ணா, ஸ்டெபிலைசேஷன் இருக்கும் இடங்கள் மட்டும் நீலமாகும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது, அது பரவாயில்லை. கடைசியாக ஒரு சந்தேகம்: ஏற்றுமதி செய்யும்போது அந்தக் கால்வாசி ப்ராக்ஸியே போய்விடுமா? முடிந்தபின் அவற்றை அழிக்கலாமா?

தறி:

போகாது. டெலிவர் பக்கத்தில் அட்வான்ஸ்டு பகுதியில் யூஸ் ப்ராக்ஸி மீடியா என்று ஒன்று இருக்கும், அது டிக் இல்லாமல் இருந்தால் அசல் ஃபைலிலிருந்துதான் எடுக்கும். சந்தேகம் இருந்தால் ஏற்றுமதிக்கு முன் பிரிஃபர் கேமரா ஒரிஜினல்ஸ் என்று மாற்றி ஓரிரண்டு ஃபிரேமில் நிறுத்திப் பாருங்கள், சாலையோரப் புல், கைகாட்டி எழுத்து எல்லாம் கூர்மையாகத் தெரியும். ஏற்றுமதி உங்கள் மெஷினில் மெதுவாகத்தான் நடக்கும், அப்போது அசல் எச்.265-ஐப் பிரிக்க வேண்டுமே, அதை இரவில் விடுங்கள்.

ப்ராக்ஸிகளைத் தாராளமாக அழிக்கலாம், எப்போது வேண்டுமானாலும் திரும்ப உண்டாக்கிக்கொள்ளலாம். அசலை மட்டும் தொடாதீர்கள், பெயரையும் மாற்றாதீர்கள், வேறு ஃபோல்டருக்கும் நகர்த்தாதீர்கள், நகர்த்தினால் ரிசால்வ் மீடியா ஆஃப்லைன் என்று சிவப்பாகக் காட்டி நிற்கும். கோப்ரோ அசல் ஃபைலுக்குள் கேமரா அசைவின் கைரோ தகவலும் சேர்ந்தே இருக்கிறது. பின்னாளில் கைரோஃபுளோ மாதிரி ஒன்றில் ஆட்டத்தை நீக்கிப் பார்க்க நினைத்தால் அந்தத் தகவல் வேண்டும், மாற்றி எழுதிய பிரதியில் அது பெரும்பாலும் தங்காது. வேறொரு டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு அப்புறம் மெமரி கார்டை ஃபார்மட் செய்யுங்கள்.